டிஸ்னி வேர்ல்டுக்கு எந்த கேமரா?

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போகும் தமிழ்ப் பெற்றோரின் பயணத் திட்டத்தில், ஃப்ளோரிடா மாநிலத்தின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு இடம்பிடிப்பது உண்டு. 1971 அக்டோபர் 1-ம் தேதி மேஜிக் கிங்டம் என்ற ஒற்றைப் பூங்காவுடன் திறக்கப்பட்டது அது. பிறகு 1982-ல் எப்காட், 1989-ல் இன்றைய ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998-ல் அனிமல் கிங்டம் என நான்கு பூங்காக்கள் ஆயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் தேவை. விமானம், ஹோட்டல், நுழைவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு முடித்த குடும்பம் கடைசியாகக் கேட்கும் கேள்வி, எந்த கேமராவை எடுத்துப் போவது என்பது. கடைக்காரரிடம் கேட்டாலும் சொந்தக்காரரிடம் கேட்டாலும் பேச்சு முதலில் ஜூமில்தான் போய் நிற்கும்: ‘எவ்வளவு தூரம் இழுக்கும்?’ நான் சொல்ல வருவது வேறு. இப்படிப்பட்ட பூங்காவில் குடும்பப் படங்கள் பெரும்பாலும் கெடுவது வெளிச்சம் போதாமல்தான். அதனால் ஜூமுக்காகச் செலவழிக்கும் பணத்தையும் தோள்வலியையும் வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும் ஒரு சிறிய லென்ஸுக்குத் திருப்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

எந்தப் படங்களை நாம் எடுக்கவே வேண்டாம் என்று முதலில் பார்த்துவிடலாம். மேஜிக் கிங்டத்தின் நடுவில் நிற்கும் சிண்ட்ரெல்லா கோட்டை 189 அடி உயரம். அதன் முன்னால் குடும்பத்தோடு நின்று எடுத்த படத்துக்குத்தான் வீட்டுச் சுவரில் இடம். அங்கே ‘ஃபோட்டோபாஸ்’ என்ற டிஸ்னியின் சொந்தச் சேவையைச் சேர்ந்த புகைப்படக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் எடுக்கும் படத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். நம் கேமராவையோ செல்போனையோ நீட்டினால் அதிலும் ஒன்று எடுத்துத் தருவார்கள், அதற்குக் காசு கிடையாது. ஸ்பேஸ் மவுன்டன் போன்ற ரோலர் கோஸ்டர்களில் நம் அலறலைப் படம்பிடிக்க அவர்களே கேமரா பொருத்தியிருக்கிறார்கள். ஆக, பட்டப்பகலில் எடுக்கும் குழுப்படமும், வேகத்தில் முகம் கோணிய படமும் நம் பொறுப்பில்லை. நமக்கு மிச்சம் இருப்பவை வேறு மாதிரியானவை. அறைக்குள் மிக்கி மவுஸ் கை நீட்டியதும் பேத்தி தயங்கி அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்வது, ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படகில் பீரங்கி வெடிக்கும்போது தாத்தா முகம் போகும் போக்கு, ‘ஹான்டட் மேன்ஷன்’ ரைடில் அண்ணன் தங்கையை மிரட்டுவது, இரவில் கோட்டைச் சுவரில் ஓடும் ஒளிச்சித்திரங்களைக் குழந்தைகள் அண்ணாந்து பார்ப்பது. எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் நடப்பவை. எல்லாமே அரை இருட்டில் நடப்பவை.

இந்த அரை இருட்டில் கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்பது எளிய கணக்கு. கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் லென்ஸின் முகப்பைத் திருப்பிப் பாருங்கள், 1:3.5-5.6 என்று பொறித்திருக்கும். ஜூம் செய்யாதபோது எஃப்/3.5, முழுக்க இழுத்தால் எஃப்/5.6 என்று அதற்குப் பொருள். எண் சிறிதானால் லென்ஸின் வாய் பெரிது, உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். இரண்டு எண்களை வகுத்து, விடையை அந்த விடையாலேயே பெருக்கினால் வெளிச்ச வித்தியாசம் கிடைத்துவிடும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்தால் 3.1, அதை அதாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 9.7. அதாவது எஃப்/1.8 லென்ஸ், முழுக்க இழுத்த சாதாரண ஜூமைவிடப் பத்து மடங்குக்குச் சற்றே குறைவான வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஒரு ரைடுக்குள் சாதாரண லென்ஸுக்கு நொடியில் 15-ல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்றால், எஃப்/1.8-க்கு ஏறக்குறைய 145-ல் ஒரு பங்கு போதும். முதலாவதில் குழந்தை தலையைத் திருப்பினாலே முகம் இழுபட்டுப் போகும். இரண்டாவதில் கண்ணும் சிரிப்பும் தெளிவாக விழ நல்ல வாய்ப்பு இருக்கிறது.

‘லென்ஸிலேயே ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வசதி நம் கை நடுங்குவதை மட்டுமே சரிக்கட்டும். எதிரே இருக்கும் குழந்தை அசைவதையோ, நாம் உட்கார்ந்திருக்கும் படகு பொம்மைகளைக் கடந்து நகர்வதையோ அதனால் நிறுத்த முடியாது. அசையாத கோட்டைக்கு அது பயன்படும். ஓடும் பேரனுக்குப் பயன்படாது. வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றிக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. ஏற்றலாம், ஏற்றத்தான் வேண்டும். ஆனால் எஃப்/5.6 லென்ஸில் அதே ஷட்டர் வேகம் வேண்டுமானால், எஃப்/1.8-க்கு ஐ.எஸ்.ஓ. 3200 போதுமான இடத்தில் 30,000-க்குப் பக்கத்தில் போக வேண்டியிருக்கும். படம் முழுக்கப் பொரிப்பொரியாகிவிடும். ஃபிளாஷ் போடலாமா? கூடாது. இருட்டு ரைடுகளிலும் உள்ளரங்குக் காட்சிகளிலும் அதற்குத் தடை. தடை இல்லாவிட்டாலும், பார்த்துப் பார்த்து அமைத்த ஒளியை ஒரு மின்னலில் கலைத்து, மற்றவர்கள் கண்ணைக் கூசவைப்பது மரியாதை இல்லை. ஃபிளாஷை அணைத்தால் மட்டும் போதாது. ஃபோகஸ் பிடிக்க கேமரா முன்பக்கத்தில் எரியும் சிறு விளக்கையும் மெனுவுக்குள் போய் அணைத்துவிட வேண்டும்.

இனி வாங்குவதைப் பற்றி. முழு அளவைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி சென்சார் கொண்ட கேமரா வைத்திருப்பவர்கள், விலை மலிவு என்று 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைத் தேடிப் போகிறார்கள். உருவப்படத்துக்கு அது அருமை. ஆனால் அந்த சென்சாரில் அதன் பார்வை 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் அளவுக்குக் குறுகிவிடும். படகில் பக்கத்து இருக்கையில் இருப்பவரை எடுக்கப் பின்னால் நகர இடம் ஏது? 35 மி.மீ. எஃப்/1.8 தான் இங்கே பொருத்தம். டி.எஸ்.எல்.ஆர்.களுக்கான நிக்கானின் அத்தகைய லென்ஸ் 200 கிராம்தான். எடையின் அருமை மாலையில்தான் தெரியும். முழு அளவு சென்சார் கேமரா, 24-70 எஃப்/2.8, 70-200 எஃப்/2.8 என்று எடுத்துப் போனால் பையைச் சேர்க்காமலே ஏறக்குறைய மூன்று கிலோ. அதோடு தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, குழந்தையின் மாற்றுத்துணி. இந்த மூட்டை மதியத்துக்கு மேல் தள்ளுவண்டியின் அடித்தட்டுக்குப் போய்விடும். அங்கிருந்து யாரும் படம் எடுப்பதில்லை. கேனான் ஆர்50 போன்ற சிறிய மிரர்லெஸ் கேமரா, பேட்டரியும் கார்டும் சேர்த்து 375 கிராம். அதற்குப் பொருந்தும் ஒரு சிறிய எஃப்/1.8 லென்ஸைச் சேர்த்தாலும் இரவு ஒன்பது மணிக்கும் கழுத்தில் உறுத்தாது. இதையும்விடச் சிறிது வேண்டுவோருக்கு சோனி ஆர்.எக்ஸ்.100 வரிசை உண்டு. அதிலும் கவனம் தேவை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மாடல்களின் லென்ஸ் எஃப்/1.8-2.8, பின்னால் வந்த ஆறாவதும் ஏழாவதும் 200 மி.மீ. வரை இழுக்கும், ஆனால் எஃப்/2.8-4.5. புதியது என்பதற்காக ஏழாவதை வாங்குபவர், பூங்காவில் அவ்வளவாகத் தேவைப்படாத தூரத்துக்காக, எப்போதும் தேவைப்படும் வெளிச்சத்தை விட்டுக்கொடுக்கிறார்.

‘செல்போன் இருக்க கேமரா எதற்கு?’ என்பதுதான் இந்த வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு. பகல் வெளிச்சத்தில் இன்றைய நல்ல செல்போனுக்கும் கேமராவுக்கும் வித்தியாசம் காண்பது கடினம். பகற்படங்கள் போதும் என்பவர் கேமராவே வாங்க வேண்டாம். இருட்டில்தான் கதை மாறுகிறது. உயர்விலை செல்போனின் முதன்மை சென்சாரைவிட ஏ.பி.எஸ்.-சி சென்சார் பரப்பளவில் ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரியது. அந்தக் குறையைச் செல்போன் இரவுப் பயன்முறையால் ஈடுகட்டுகிறது: அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அசையாமல் நிற்கும் கோட்டைக்கு இது மாயம்போல் வேலை செய்யும். துள்ளும் குழந்தைக்கு, இணைத்த இடத்தில் முகம் மெழுகாக வழியும். இன்னொரு காரணமும் உண்டு. டிஸ்னி பூங்காவில் செல்போன்தான் நுழைவுச்சீட்டு, வரைபடம், ரைடுகளின் காத்திருப்பு நேரம் காட்டும் பலகை, சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் இடம் எல்லாமே. காத்திருப்பைக் குறைக்கும் ‘லைட்னிங் லேன்’ வரிசைக்கு நேரம் பிடிப்பதும் அதிலேயே. அதன் பேட்டரியைப் படமெடுத்தே தீர்த்துவிட்டால் மாலையில் குடும்பமே தவித்து நிற்கும்.

ஜூமே வேண்டாமா என்றால், ஒரே ஓர் இடத்தில் வேண்டும். அனிமல் கிங்டத்தின் ‘கிளிமஞ்சாரோ சஃபாரிஸ்’ ஏறக்குறைய 110 ஏக்கரில் விரிந்த வெளி. திறந்த வண்டியில் போகும்போது ஒட்டகச்சிவிங்கி பக்கத்தில் வந்துவிடும். சிங்கமோ பாறை மேல் தூரத்தில் படுத்திருக்கும். வண்டி குலுங்கும், ஆனால் வெயில் வேண்டிய அளவு இருப்பதால் வேகமான ஷட்டர் கிடைத்துவிடும். அங்கே மலிவான, எடை குறைந்த 55-250 மி.மீ. லென்ஸே தாராளம். பூங்காக்களுக்குத் தனித்தனி நாள் என்பதால் அந்த லென்ஸை அந்த ஒரு நாள் மட்டும் எடுத்துப்போய், மற்ற நாட்களில் அறையிலேயே வைத்துவிடலாம். ஒரு காலைப்பொழுதின் தேவைக்காக நான்கு நாளும் சுமக்க வேண்டியதில்லை.

வாணவேடிக்கைக்கு டிரைபாட் தேவையல்லவா என்பது இன்னொரு மறுப்பு. புத்தகம் சொல்லும் முறை அதுதான்: குறைந்த ஐ.எஸ்.ஓ., சில நொடி நீளும் ஷட்டர், அசையாத முக்காலி. ஆனால் டிஸ்னியின் விதிப்படி சாதாரண முதுகுப்பைக்குள் அடங்காத டிரைபாட்டும், ஆறடிக்கு மேல் நீளும் டிரைபாட்டும் உள்ளே வரக்கூடாது. செல்ஃபி ஸ்டிக்குக்கு 2015-லிருந்தே தடை. விதிக்குள் அடங்குவதைக் கொண்டுபோனாலும், கோட்டை முன்னால் தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டத்தில் அதன் மூன்று காலையும் எங்கே ஊன்றுவது? வானத்தில் வெடிப்பதை வீடியோவாக எடுத்துக்கொள்ளலாம். அதைத் துல்லியமாக எடுத்த படங்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. நம் வீட்டுக் குழந்தையின் முகத்தில் அந்தச் செந்நிறம் படிவதை எடுக்க வேறு யாரும் வரப்போவதில்லை. அதற்குத் தேவை மறுபடியும் அதே எஃப்/1.8 தான்.

கருவியைத் தேர்ந்தபின் அதைக் காப்பாற்றுவது பற்றியும் சில வார்த்தைகள். ஃப்ளோரிடாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை வாடிக்கை. ‘காளி ரிவர் ரேபிட்ஸ்’ போன்ற நீர் ரைடுகள் எந்த மாதத்திலும் நனைத்துவிடும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்று இரண்டுக்கும் போதும். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கத்துக்குள் வந்த கேமராவை உடனே வெளியே எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் நீராவி படிந்துவிடும். துடைத்தாலும் மீண்டும் படியும். மூடிய பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டு, வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகு எடுப்பதுதான் வழி. 2023-ல் திறந்த ‘ட்ரான்’ ரைடில் பை எடுத்துச் செல்ல முடியாது, ஆனால் அங்கே இலவச லாக்கர் இருக்கிறது. உபரி பேட்டரியையும் பவர் பேங்கையும் விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட்; சார்ஜரின் மேல் 100-240 என்று அச்சிட்டிருந்தால் பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும்.

இதெல்லாம் சரியா என்று டிஸ்னி வரை போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே, இரவில் ஒரே ஒரு விளக்கு எரியும் அறையில் ஓடியாடும் குழந்தையை ஃபிளாஷ் இல்லாமல் எடுத்துப் பாருங்கள். முகம் தெளிவாக விழுகிறதென்றால் கையில் இருப்பதே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். விழவில்லை என்றால், ஜூம் லென்ஸுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள். பெரும்பாலும் மிச்சமும் இருக்கும்.