மௌதூத் அகமது: ஓய்வு வயதுக்குள் இருந்த தேர்தல் கணக்கு

ஜியாவுர் ரகுமான், எர்ஷாத், காலிதா ஜியா ஆகிய மூவரின் ஆட்சியிலும் பதவி வகித்த வங்கதேச அரசியல்வாதி மௌதூத் அகமது. 1940 மே 24 அன்று நவகாளி மாவட்டம் கம்பெனிகஞ்சில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். பாகிஸ்தான் அரசு தொடுத்த அகர்தலா சதி வழக்கில் ஷேக் முஜிபுர் ரகுமானுக்கு ஆதரவாக நின்ற வழக்கறிஞர்களில் ஒருவர். 1971 விடுதலைப் போரின்போது நாடு கடந்த வங்கதேச அரசின் அஞ்சல் துறைத் தலைவராக இருந்தார்.

ஜியாவின் ஆட்சியில் 1979-ல் துணைப் பிரதமர் ஆனார். பின்னர் வந்த எர்ஷாத்தின் ராணுவ ஆட்சி அவரை முதலில் சிறையில் அடைத்தது. பிறகு அதே எர்ஷாத் அவரை அமைச்சராக்கி, 1988-ல் பிரதமராகவும் 1989-ல் துணை அதிபராகவும் உயர்த்தினார். 1990 டிசம்பர் 6 அன்று மௌதூத் பதவி விலகினார். காலியான இடத்தில் தலைமை நீதிபதி சகாபுதீன் அகமது துணை அதிபராக அமர்த்தப்பட, எர்ஷாத் அவரிடம் ஆட்சியை ஒப்படைத்து இறங்கினார். சட்டத்தின் வழியிலேயே ஆட்சி கைமாறியது.

2001-ல் காலிதா ஜியாவின் சட்ட அமைச்சரானார். அவர் வாழ்க்கையில் கூர்ந்து பார்க்க வேண்டிய பகுதி இது. 1996-ன் 13-வது திருத்தப்படி, நாடாளுமன்றத்தின் காலம் முடிந்ததும் கட்சி சார்பற்ற காபந்து அரசு பொறுப்பேற்றுத் தேர்தலை நடத்த வேண்டும் என்றிருந்தது. அதன் தலைமை ஆலோசகர் பதவி, கடைசியாக ஓய்வு பெற்ற தலைமை நீதிபதிக்கே முதலில் உரியதாக இருந்தது. ஆகவே எந்த நீதிபதி எப்போது ஓய்வு பெறுகிறார் என்பதே தேர்தல் நடுவர் யார் என்பதைத் தீர்மானித்தது. நடுநிலை என்று சட்டம் சொன்னாலும், அந்த நடுநிலை ஒரு பிறந்த தேதியைப் பொறுத்தே இருந்தது.

2004 மே மாதம் மௌதூத் கொண்டுவந்த 14-வது திருத்தம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 65-லிருந்து 67 ஆக்கியது. பழைய விதிப்படி, அப்போதைய தலைமை நீதிபதி முதாசிர் உசேன் 2005-லேயே ஓய்வு பெற்றிருப்பார். புதிய விதியால் அவர் பதவிக்காலம் 2007 வரை நீண்டது. 2006 அக்டோபரில் ஆட்சிக்காலம் முடியும்போது, கடைசியாக ஓய்வு பெற்றவர் என்ற இடத்தில் முன்னாள் தலைமை நீதிபதி கே.எம். ஹசன் நின்றார். அவர் முன்பு ஆளும் வங்கதேச தேசியவாதக் கட்சியில் இருந்தவர் என்று எதிர்க்கட்சியான அவாமி லீக் எதிர்த்தது. ஓய்வு வயதை உயர்த்துவதில் தவறில்லை. அடுத்த தேர்தலுக்குப் பிறகு அமலாகும் என்று எழுதியிருந்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அப்படி எழுதப்படவில்லை.

தெருக்களில் ரத்தம் சிந்தியது. ஹசன் விலகிக்கொண்டார். அடுத்த தகுதியாளர்களை முறையாகத் தேடாமல், அதிபர் இயாஜுதீன் அகமது தலைமை ஆலோசகர் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். 2007 ஜனவரி 11 அன்று நெருக்கடி நிலை வந்தது. ஜனவரி 22-ல் நடக்கவிருந்த தேர்தல் நின்றது. ராணுவ ஆதரவு பெற்ற அரசு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது.

அந்த அரசு மௌதூதையும் கைது செய்தது. 2008 தேர்தலில் சொந்தத் தொகுதியில் தோற்றார். 2009 இடைத்தேர்தலில் போக்ராவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். வீட்டு உரிமை வழக்கில் தோற்று, 2017-ல் டாக்கா குல்ஷான் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். வங்கதேச அரசியல் வரலாறு பற்றி அவர் எழுதிய நூல்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

காபந்து அரசு முறையை ஷேக் ஹசீனா அரசு 2011-ல் நீக்கியது. மௌதூத் 2021 மார்ச் 16 அன்று சிங்கப்பூரில் காலமானார். காபந்து அரசு முறையை நீக்கியது செல்லாது என்று வங்கதேச உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது.