தாஜ்மகாலுக்குத் தொப்பி போடும் அக்காக்கள்

"செருப்பைக் கழட்ட வேணாம் மேடம். அதுல முக்கிட்டு வாங்க."

வாசலில் ஒரு சின்னத் தொட்டி, அது நிறைய ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர். காலை நனைத்து ஏறினால் ஒரு கதவு. அதைச் சாத்தினால்தான் அடுத்த கதவு திறக்கும். நம் முதுகில் தொற்றிக்கொண்டு ஒரு பூச்சிகூட உள்ளே போய்விடக் கூடாதாம். ஓசூரிலிருந்து பாகலூர் போகும் சாலையில் ஒரு ரோஜாத் தோட்டம் இது. காதலர் தினம் நெருங்கிவிட்டது. இந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் வந்தாலே வாசலோடு அனுப்பிவிடுவார்கள். நமக்கு அனுமதி கிடைத்துவிட்டது! மெதுவாகப் பின்னாலேயே வாருங்கள். முள் கிழிக்கும், கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே ஓசூர்க் குளிர், ஸ்வெட்டர் போட்டும் நடுக்கம். உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் கழுத்தெல்லாம் வியர்வை. தலைக்கு மேலே பிளாஸ்டிக் கூரை பால் நிறத்தில் வெளிச்சத்தை வடித்துத் தருகிறது. சிவப்புக் கடலை எதிர்பார்த்து வந்தால் எங்கு பார்த்தாலும் பச்சை! ஆள் உயரத்துக்கு இலைகள். உச்சியில் மட்டும் வெள்ளை வலைத் தொப்பி போட்டுக்கொண்டு மொட்டுகள் வரிசையாக நிற்கின்றன.

"தாஜ்மகாலுக்குத் தொப்பி போட்டுட்டு இருக்கோம்" என்கிறார் ஒரு அக்கா, நிமிர்ந்து பார்க்காமலே. தாஜ்மகால் என்பது ரகத்தின் பெயர். அடர் சிவப்பு, நீளத் தண்டு, ஓசூர் ஏற்றுமதியின் செல்லப் பிள்ளை. அந்த நைலான் தொப்பி இருந்தால் மொட்டு சட்டென்று விரியாமல் உள்ளுக்குள்ளேயே பருக்கும். ஒவ்வொரு மொட்டுக்கும் கையால்தான் மாட்ட வேண்டும். அக்காவின் விரல்கள் போகிற வேகத்தில் எனக்குக் கண் சுற்றியது.

குழாயில் தொங்குகிறது யாருடைய டிபன் கேரியரோ. உர மூட்டை மேல் ஒரு போன், அதில் தெலுங்குப் பாட்டு. மேஸ்திரி தெலுங்கில் திட்டுகிறார், அக்காக்கள் கன்னடத்தில் எண்ணுகிறார்கள், என்னிடம் தமிழில் ஊர் விசாரிக்கிறார்கள். எல்லை ஊரில் இதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் இங்கே பெரிய பேச்சு. விடிகாலையில் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தேன், சின்னப் பெண்களெல்லாம் அதற்குள். இங்கே மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள்.

இந்தப் பூவுக்கான வேலை டிசம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். அப்போது கிளையை வெட்டினால் ஏழு வாரத்தை ஒட்டிப் பூ கைக்கு வரும். குளிர் கூடினால் தள்ளிப்போகும், வெயில் அடித்தால் முந்திக்கொள்ளும். மேஸ்திரி போனில் வானிலையைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தால், பரீட்சை முடிவு வரப்போகிறதோ என்று தோன்றும். பிப்ரவரி 15-ஆம் தேதி பூக்கிற சிவப்பு ரோஜாவை யார் சீந்துவார்கள்?

அடுத்த கொட்டகைக்குப் போனதும் எனக்குக் குஷி தாங்கவில்லை. மஞ்சளில் கோல்ட் ஸ்ட்ரைக், இளஞ்சிவப்பில் நோப்ளெஸ், பளீர் வெள்ளையில் அவலாஞ்ச். வெள்ளை வரிசையின் நடுவே ஒரு கிளையில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அந்தக் கிளையில் பூத்தது மட்டும் லேசான பீச் நிறம்!

"அது பைத்தியம் புடிச்ச கிளை" என்று சிரிக்கிறார்கள். ரோஜாவுக்கு இந்தப் பைத்தியம் அடிக்கடி பிடிக்கும். செடி ஒன்றாக இருக்கும், ஒரே ஒரு கிளை மட்டும் தானாக நிறம் மாறிவிடும். பீச் அவலாஞ்ச், ஸ்வீட் அவலாஞ்ச் என்று உலகச் சந்தையில் விற்கிற ரகங்கள் இப்படி வெள்ளை அவலாஞ்சிலிருந்து பிரிந்து வந்தவைதான். அது தானாக நடக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் காமாக் கதிர் பாய்ச்சிப் பார்த்தவர்களும் உண்டு. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வரிவரி ரோஜா 'அபிசாரிகா' அப்படிப் பிறந்ததுதான்.

பிடித்த நிறத்தைக் காப்பாற்ற விதை உதவாது. விதை போட்டால் எந்த நிறம் வருமோ, யாருக்குத் தெரியும்! அந்தக் கிளையின் ஒரு மொட்டுக் கண்ணைச் சீவி எடுத்து, நேட்டல் பிரையர் என்ற முரட்டுச் செடியின் தண்டில் கீறி, உள்ளே செருகி, நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். நாற்றங்காலில் ஒருவர் செய்து காட்டினார். பிளேடு, நாடா, வாயில் வெற்றிலை. நான் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் ஒன்று முடிந்திருந்தது. உலகத்தில் உள்ள தாஜ்மகால் ரோஜா அத்தனையும் இப்படிக் கை மாறிக் கை மாறி வந்த ஒரே செடி என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. அவருக்குச் சிலிர்க்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் யாரும் காட்டாத ஒரு வேலி இருந்தது. பன்னீர் ரோஜா! எட்வர்ட் ரோஜா என்று பட்டியலில் எழுதுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் வேலிச் செடியாக இருந்த 'ரோஸ் எதுவார்' இதுதான். அன்று அந்தத் தீவுக்கு பூர்போன் என்று பெயர். ஐரோப்பாவின் பூர்போன் ரோஜாக் குடும்பம் அங்கிருந்து கிளம்பியது. இங்கே ஓசூரில் அது மோட்டார் கொட்டகைக்குக் காவல் நிற்கிறது. காலையில் பூத்தால் சாயங்காலம் உதிர்ந்துவிடும், எந்தக் குளிர் அறைக்கும் அடங்காது. ஆனால் அக்காக்கள் தலையில் இருப்பது எல்லாம் இதுதான்.

"நாள் பூரா தாஜ்மகாலைத் தொட்டுட்டுதான் இருக்கேன். என் மூக்கு அதை மதிக்கவே இல்லையே" என்கிறார் ஒருவர்.

பேக்கிங் கொட்டகைக்கு வாருங்கள், கூத்தே அங்கேதான். பக்கத்துக் குளிர் அறையில் மூன்று நான்கு டிகிரி. அதற்குள் போய் வருகிறவர்கள் மங்கி கேப்பும் மப்ளருமாக இருக்க, வெளியிலிருந்து பக்கெட் தூக்கி வருகிறவர்கள் வியர்வையில் குளித்திருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒருவரையொருவர் கிண்டலடிப்பது நாள் முழுக்க ஓயாது. மேசையில் நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது சென்டிமீட்டர் என்று கோடுகள். தண்டை வைத்துப் பார்த்து, இலை உருவி, இருபது பூவை ஒரு கட்டாக்கி, அட்டை சுற்றுகிறார்கள். கால்மாட்டில் முழங்கால் உயரத்துக்கு இலைக் குவியல். கை விரலெல்லாம் பிளாஸ்திரி. கழுத்து வளைந்த பூ ஓரம் போய்விடும், அதற்கு மேல்முறையீடு கிடையாது.

மூலையில் மூடி போட்ட பக்கெட்டுகள். திறந்தால் நீலச் சாயம்! வெள்ளை ரோஜாவை அதில் நிற்க வைத்தால் தண்டு வழியே நிறம் ஏறிவிடும். தண்டை இரண்டாகப் பிளந்து இரண்டு சாயத்தில் வைத்தால் ஒரே பூவில் இரண்டு நிறம். ரோஜாவுக்கு நீலம் இயற்கையாக வராது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'நீல' ரோஜாவே பார்க்க வெளிர் ஊதாதான். இங்கே பக்கெட்டில் ராத்திரியோடு ராத்திரியாக மயில் நீலம் தயார். எனக்கு இந்தச் சாயப் பூ பிடிக்கவில்லை என்பதை முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். "கல்யாண மண்டபத்துக்காரங்க கேக்குறாங்களே" என்று சமாதானம் சொன்னார்கள்.

இன்னொரு தொட்டியில் நடந்தது அதைவிட விநோதம். ஆஸ்திரேலியா போகும் ரோஜாக்களின் தண்டைக் களைக்கொல்லியில் முக்கி எடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. அங்கே யாரும் அந்தக் குச்சியை மண்ணில் ஊன்றித் துளிர்க்க வைத்துவிடக் கூடாதே! சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் போகிற பெட்டிகளும் வரிசையில் நிற்கின்றன.

"உங்க வீட்டுக்காரர் காதலர் தினத்துக்கு ரோஜா குடுப்பாரா?" என்று கட்டு கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். கொட்டகையே நின்று காது கொடுத்தது.

"குடுத்தா முதல்ல தண்டு நீளம் பாப்பேன். அறுபதுக்குக் கம்மின்னா ரிஜெக்ட்."

சிரிப்பு அடங்குவதற்குள் குளிர்சாதன வேன் பின்பக்கமாக வந்து நின்றது. அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் நீந்தி, பெங்களூரு முழுவதையும் குறுக்கே கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் போக வேண்டும். பெட்டிகளை அடுக்கிக்கொண்டே டிரைவர் அண்ணன் கணக்குச் சொன்னார்: "இங்கேர்ந்து சிங்கப்பூர் ஃபிளைட்டுக்கு நாலரை மணி நேரம். அதுல பாதிக்கு மேல நான் சில்க் போர்டுலயே நிப்பேன் மேடம்."