இமை ஓரம் அடிக்கடி அரிக்கிறதா? சொட்டு மருந்து மட்டும் போதாது!

காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொள்கின்றன. மண் விழுந்ததுபோல கண் உறுத்துகிறது. இமை முடியின் அடியில் பொடுகு போலச் செதில். ‘மெட்ராஸ் ஐ-யாத்தான் இருக்கும்’ என்று மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விடுபவர்கள் பலர். நாலு நாளில் சரியாகிவிடும். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை.

இப்படித் திரும்பத் திரும்ப வந்தால், அது ‘பிளெஃபரைட்டிஸ்’ எனப்படும் இமை அழற்சியாக இருக்கலாம். மெட்ராஸ் ஐ போல இது அடுத்தவருக்குத் தொற்றாது. ஆனால், ஒரேயடியாகக் குணமாவதும் அரிது. கட்டுக்குள் வைத்திருக்க முடியும் என்பதே நல்ல செய்தி.

ஏன் வருகிறது?

இமை விளிம்பில் மெய்போமியன் சுரப்பிகள் வரிசையாக உள்ளன. ஓர் இமைக்குச் சுமார் 20 முதல் 40 வரை. இவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. கண் இமைக்கும்போது அந்த எண்ணெய் வெளியே வரும். மொபைல், லேப்டாப்பை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைவதால், எண்ணெய் சரியாக வெளிவராது. அது கெட்டியாகி அடைத்துக்கொண்டால் எரிச்சலும் கட்டியும் வரலாம். பாக்டீரியா, தலைப் பொடுகு, இமை முடியின் வேரில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணுயிர் ஆகியவையும் காரணமாகலாம்.

என்ன செய்யலாம்?

* ஒத்தடம்: மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெயை எப்படி உருக்குவோம்? இங்கும் அதே வேலைதான். சுத்தமான துணியைப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள்.

* மசாஜ்: கையைக் கழுவிவிட்டு, மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுங்கள். கண்ணை அழுத்த வேண்டாம்.

* துடைப்பது: மருத்துவர் சொல்லும் கிளென்சரில் நனைத்த பஞ்சால் இமை முடியின் அடியைத் துடையுங்கள். கண்ணுக்கு ஒரு பஞ்சு.

* மை, மஸ்காராவைக் கலைக்காமல் தூங்காதீர்கள். எரிச்சல் இருக்கும்வரை கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். பொடுகு இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுங்கள்.

முதலில் தினமும் இரண்டு வேளை. குறைந்தபின் ஒரு வேளை. ‘சரியாப் போச்சு’ என்று விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. வலி இல்லை என்பதற்காகப் பல் துலக்காமல் இருக்கிறோமா?

எப்போது மருத்துவர்?

மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு சட்டென்று குறையும். ஆனால், கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் உயரலாம், கண்புரையும் வரலாம். எனவே சீட்டு இல்லாமல் எதையும் விட வேண்டாம். கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம், குறையாத கட்டி இவற்றில் எது இருந்தாலும், ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள்.