மனம் பயந்தால் வயிறு ஏன் கலங்குகிறது?

பரீட்சை முடிவு வரும் நாளில் வயிற்றைக் கலக்குகிறது. பயப்படுவது மனம், வயிற்றுக்கு என்ன வேலை?

மூளையையும் உள்ளுறுப்புகளையும் வேகஸ் நரம்பு இணைக்கிறது. மூளை அதன்வழி கட்டளையிடுகிறது என்றுதான் தோன்றும். ஆனால் அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் இதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றின் நிலவரத்தை மூளைக்குக் கொண்டுபோகின்றன. இன்சுலா என்னும் மூளைப் பகுதி அதை உணர்வாக்க உதவுகிறது.

உள்ளுணர்விலும் உடல் தரும் இந்தத் தகவலுக்குப் பங்கு இருக்கலாம். 1990களில் அமெரிக்காவின் அயோவாவில் நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோவின் குழு ஒரு சீட்டுச் சோதனை நடத்தியது. நான்கு கட்டுகளில் இரண்டு நஷ்டக் கட்டுகள். எது மோசம் என்று சொல்லத் தெரியும் முன்பே, அதை எடுக்கப்போகும்போது ஆடியவர்களின் கை லேசாக வியர்த்தது. ஆடியவர்களுக்கு முன்பே ஓரளவு தெரிந்திருந்தது என்று 2004இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள்.

சரி, உடலில் தெரியும் இந்தப் பயம் ஆற ஏன் இத்தனை நாள் ஆகிறது? பீதி நோய் உள்ளவருக்குப் படபடப்பே ஆபத்தாகத் தெரிகிறது. ஒரு சிகிச்சையில், நாற்காலியில் சுற்றவைத்தும் ஸ்ட்ரா வழியே மூச்சுவிடச் செய்தும் அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். வந்தது, ஒன்றும் ஆகவில்லை, போனது. பலமுறை நடந்தால்தான் மூளை நம்பும். அப்போதும் பழைய பயம் அழிவதில்லை. அதன்மேல் புதுப் பாடம் படிகிறது. ஆறிவிட்டதாக நினைத்தது மாதங்கள் கழித்து எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

பயத்தை ஆற்ற, கண்ணை மூடி உடலைக் கவனிக்கச் சொல்வதும் உண்டு. ஆனால் அது எல்லோருக்கும் ஒத்துவராது. பெரும் அதிர்ச்சியைக் கண்டவர்களுக்குப் படபடப்பு கூடிவிடலாம். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, தரையில் பதிந்த பாதங்களிலிருந்து, சிகிச்சையாளர் துணையோடு தொடங்கலாம்.