தெருவில் வேகம் குறைந்தால் கடைக்கும் நல்லது

செட்டிநாட்டுத் தெருக்களின் சிறப்பே அவற்றின் நேர்த்திதான். கண்டரமாணிக்கம் போன்ற ஊர்களில், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்ட வீடுகள். அவற்றுக்கு இடையே நூல் பிடித்தாற்போலத் தெருக்கள். மாட்டு வண்டியும் சைக்கிளும் சென்ற காலத்தில் இது வசதியாக இருந்தது. இன்று அதே நேர்த் தெரு, மோட்டார் சைக்கிளுக்கும் சரக்கு வேனுக்கும் வேகமெடுக்கத் தோதாகிவிட்டது. அந்தத் தெருவைக் கடந்து கடைக்கு வரும் ஆச்சிமாரும் பிள்ளைகளும் நம் வாடிக்கையாளர்கள். ஆகவே இது நம் பிரச்சினையும்கூட.

வேகத்தின் கணக்கு

பிரிட்டனின் சாலை விதி நூல் ஒரு கணக்குத் தருகிறது. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டபின் நிற்க 23 மீட்டர் தேவை. 32 கிலோமீட்டர் வேகமானால் 12 மீட்டர் போதும். மோதலின் வலுவோ, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகிறது.

இதனால்தான் 2021 மே மாதம் ஐக்கிய நாடுகளின் சாலைப் பாதுகாப்பு வாரத்தில், மக்கள் நடமாடும் தெருக்களில் 30 கிலோமீட்டர் வேகமே போதும் என்று வலியுறுத்தப்பட்டது. சென்னையிலும் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல் துறை, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கிலோமீட்டர் என வரம்பு விதித்தது. சென்னைக்குப் பொருந்துவது சிற்றூருக்கும் பொருந்தாதா?

மேடு போட்டால் போதுமா?

விபத்து நடந்த மறுநாள், கிடைத்த ஜல்லியையும் சிமெண்டையும் கொட்டி மேடு போடுவது பல ஊர்களில் வழக்கம். இது தவறு. செங்குத்தான மேட்டில் இரவில் வரும் இருசக்கர வாகனம் கவிழும், ஆம்புலன்ஸ் தடுமாறும். நம் சரக்குக்கும் நஷ்டம்: முட்டை உடையும், எண்ணெய் டின் நசுங்கும், பாட்டில் சரக்கு சேதமாகும்.

இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, வளைந்து இருக்க வேண்டும். வாகனம் 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டையும், 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். இவ்வழிகாட்டி 2018-ல் திருத்தப்பட்டுள்ளது. புதிதாகப் போடுவோர் அதைப் பார்ப்பது நலம்.

நாம் செய்ய வேண்டியவை

வேக வரம்பு விதிக்கும் அதிகாரம், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவின்படி அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அலுவலருக்கும் உண்டு. கிராம சபைக் கூட்டத்தில் தெருவின் பெயரைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுக்கலாம். நெடுஞ்சாலைத் துறைச் சாலையானால் அத்துறையிடமும் கேட்க வேண்டும்.

அதற்குமுன் நம் வாசலைச் சரிசெய்வோம். பள்ளி விடும் நேரத்தில் சரக்கு இறக்க வேண்டாம். தெரு முனையில் வண்டியை நிறுத்தி எதிரே வருபவரை மறைக்க வேண்டாம். "சீக்கிரம் வா" என்று டிரைவரை விரட்ட வேண்டாம். ஊருக்குள் மெதுவாக வரச் சொல்லிச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியிடமும் சொல்லி வைப்போம். சில நூறு மீட்டர் தெருவில் மெதுவாக வந்தால் போகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

பறந்து செல்லும் வண்டி எந்தக் கடையிலும் நிற்பதில்லை. அச்சமின்றி நடந்து வருபவரே நம் கடைப்படி ஏறுகிறார்.