ஐந்து நிமிடத் தெரு

சிங்கப்பூர் ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் 1887-ல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்துக்கு வருபவர்களில் பலர், சற்றுத் தள்ளிப் பிரியும் ஆர்மீனியன் தெருவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நடக்கத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் தெரு முடிந்துவிடும். ஆனால் சின்னச் சின்னச் சமூகங்கள் இந்த ஊருக்கு என்ன கொடுத்தன என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் இடம் வேறொன்று கிடைப்பது கடினம்.

தெருவுக்குப் பெயர் தந்தது, ஹில் தெருப் பக்கம் வாசல் கொண்ட ஆர்மீனிய தேவாலயம். ஐரிஷ் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் வடிவமைப்பில் 1835-ல் எழும்பியது. சிங்கப்பூரில் இன்று இருக்கும் கிறிஸ்தவ ஆலயங்களில் இதுவே மூத்தது. கட்டியபோது ஊரிலிருந்த ஆர்மீனியக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ராஃபிள்ஸ் ஹோட்டலை 1887-ல் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரர்களும் ஆர்மீனியர்களே.

தேவாலயத் தோட்டத்தில் ஆக்னஸ் ஜோவாக்கிமின் கல்லறைக் கல் இருக்கிறது. இவருடைய தோட்டத்தில் பூத்த கலப்பின ஆர்க்கிட் 1893-ல் பதிவானது. வாண்டா மிஸ் ஜோவாக்கிம் என்ற அந்த ஊதாப் பூவே 1981 முதல் நாட்டின் தேசிய மலர்.

தெருவில் கண்ணை இழுக்கும் கட்டடம் பெரனாக்கான் அருங்காட்சியகம். ஹொக்கியன் சமூகத்தார் நடத்திய தாவ் நான் பள்ளிக்காக 1912-ல் கட்டியது. பள்ளி 1982-ல் இடம் மாறியது. 2008-ல் இந்த அருங்காட்சியகம் வந்தது. வெளியூரிலிருந்து வாணிபத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்தவர்களின் வாரிசுகளே பெரனாக்கான்கள். அவர்களில் தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகளும் உண்டு. வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையாரை, உடுத்துவது சாரோங்!

இங்கே அவசியம் நின்று பார்க்க வேண்டியது பினாங்கில் செய்த மேசை விரிப்பு ஒன்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பாசிமணிகளால் ஆன பூக்களும் பறவைகளும் அதில் நிறைந்திருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு மணி கடுகளவுகூடத் தேறாது.

அதே வரிசையில் ஒரு பழைய துணை மின்நிலையம். நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990-ல் அதை ‘சப்ஸ்டேஷன்’ என்ற கலை மையமாக்கினார். விசாரணையின்றி நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர் அவர். புதிய நாடகங்களுக்கும் இளம் இசைக்குழுக்களுக்கும் அங்கே மேடை கிடைத்தது. 2021-ல் அந்த மையம் கட்டடத்தைக் காலி செய்தது. பழையதை இவ்வளவு அக்கறையாகப் பேணும் தெருவுக்கு அது இழப்புதான்.

சிங்கப்பூர் போகிறவர்கள் சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். முதலில் தேவாலயத் தோட்டம், பிறகு பாசிமணி விரிப்பு. பெரிய அருங்காட்சியகத்துக்கு அதன்பின் போகலாம்.