பெருவழிச் சாரதிகளின் சுவைப்போர்

ஆகாய விமானம் ஓட்டுவோர் ஒருவரோடொருவர் எதனைப் பற்றி வழக்காடுவர்? காற்றின் வேகம், மேகத்தின் போக்கு, இயந்திரத்தின் வலிமை என்பனவே நம் நினைவிற்கு முதலில் வரும். அமெரிக்க நாட்டில் வணிகப் பெருமக்களை ஏற்றிச் செல்லும் சிறு ஜெட் விமானங்களின் ஓட்டிகளுக்குள்ளே நிகழும் நட்புப் பூசலோ இரண்டு பொருள்களைப் பற்றியது. ஒன்று விமானம், மற்றொன்று புகையில் வாட்டிய இறைச்சி! டெக்ஸஸ் மாகாணத்தார் மாட்டின் மார்புக்கறியை ஓக் விறகின் புகையிலே பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துவதே உயர்ந்ததென்பர். வட கரோலினாவின் லெக்ஸிங்டன் பக்கத்தார் பன்றியின் தோட்கறியைக் காடி கலந்த புளிப்புச் சாற்றோடு உண்பர். கன்சாஸ் சிட்டியார் தக்காளியும் கரும்புப்பாகும் சேர்ந்த கெட்டிக் குழம்பை அதன்மேற் பூசுவர். விமானங்களுக்கும் அவ்வாறே ஊர் உண்டு. லியர்ஜெட்டும் செஸ்னா சைட்டேஷனும் கன்சாஸ் மாகாணத்து விச்சிட்டா நகரில் உருவானவை. கல்ஃப்ஸ்ட்ரீம் ஜார்ஜியாவிலுள்ள சவானா நகரத்தது. ஹோண்டாஜெட் லெக்ஸிங்டனுக்கு அண்மையிலுள்ள கிரீன்ஸ்பரோவிலே செய்யப்படுவது. எனவே ஒருவர் தம் ஊர்ப் பெருமையை நாவினாலும் பேசலாம், சிறகினாலும் பேசலாம். ஒருவேளை உணவிற்காகவே சிறு விமானம் ஏறி அயலூர் சென்று மீள்வாரும் அந்நாட்டில் உளர். அவ்வாறு உண்ணும் பண்டத்தை 'நூறு டாலர் ஹாம்பர்கர்' என்று விமானிகளே எள்ளி நகையாடுவர்.

நிற்க. நம் பெரம்பலூரில் விமான நிலையம் இல்லை. ஆயினும் இப்பூசல் இல்லை என்று கூறுதற்கில்லை. சென்னையினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நாற்கரப் பெருவழி திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை என்னும் ஊர்களைக் கடந்து நம் ஊரின் வழியே செல்கின்றது. கிழக்கே அரியலூர் நிலமோ முன்னொரு காலத்திற் கடல் கிடந்த இடம். அக்கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லே இன்று அங்குள்ள சிமெண்டு ஆலைகளுக்கு உணவு. கல்லை ஆலைக்குக் கொணரும் லாரிகளும், சிமெண்டு மூட்டைகளை எத்திசைக்கும் கொண்டு செல்லும் லாரிகளும் இரவு பகல் என்னும் வேறுபாடின்றி ஓடுகின்றன. நாமக்கல்லார், திண்டுக்கல்லார், விருதுநகரார், வட ஆர்க்காட்டார் எனப் பல ஊர்ச் சாரதிகள் சாலையோரத் தேநீர்க்கடைகளில் ஒருங்கு கூடுவர். அங்கு நிகழும் விவாதத்தைக் கேட்டார்க்கு விச்சிட்டாவும் சவானாவும் தொலைவிலுள்ள ஊர்களாகத் தோன்றா.

தமிழ் பயில்வார்க்கு இஃது ஒரு புதுமையன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடனது ஓய்மானாட்டிற்கு வழி கூறுமிடத்து ஊர்தோறும் கிடைக்கும் உணவையும் உடன் கூறுகின்றது. எயிற்பட்டினத்திற் சுட்ட குழல்மீன், வேலூரில் புளிங்கறியிட்ட சோற்றோடு காட்டுப் பசுவின் சூட்டிறைச்சி, ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு. நெருப்பில் வாட்டிய கறிக்குச் 'சூடு' என்று அன்றே தமிழிற் பெயரிருந்தமை காண்க. அந்நல்லியக்கோடனது கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது. அஃதாவது, நம் லாரிகள் நாள்தோறும் செல்லும் இதே வழியிலுள்ளது. உப்பு விற்கும் உமணர் தம் வண்டியின் கீழ்ச் சேமமாக வேறோர் அச்சினைக் கட்டிச் சென்றதைப் புறநானூறும், பெருவழியிற் சுங்கம் கொள்ளப்பட்டதைப் பெரும்பாணாற்றுப்படையும் குறிக்கின்றன. இக்காலத்து மாற்றுச் சக்கரமும் சுங்கச்சாவடியும் புதியன என்று எண்ணுவார் இவற்றை நோக்குவாராக.

இனிச் சுவைப்போரின் இயல்பைக் காண்போம். ஆம்பூர்ப் பிரியாணிக்கும் திண்டுக்கல் பிரியாணிக்குமே தலையாய வழக்கு. இரண்டிற்கும் சீரகச் சம்பா அரிசியே சிறந்ததென்று இரு திறத்தாரும் ஒப்புவர். அவர்கள் ஒப்புவது அவ்வொன்றே. ஆம்பூரார் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதிட்டு, அரிசியைத் தனியே அரைவேக்காடாக வேகவைத்து வடித்துப் பின்னர்க் கறியோடு சேர்த்துத் தம் கட்டுவர். புளிப்பேறிய கத்தரிக்காய்க் கூட்டு உடன் வரும். ஆர்க்காட்டு நவாபுகளின் சமையலறையினின்று வந்த முறை இது என்பது அவர்தம் பெருமிதம். திண்டுக்கல்லார் கறியைச் சிறு துண்டங்களாக நறுக்கித் தயிரும் எலுமிச்சஞ் சாறும் சேர்த்து, அக்கறிச் சாற்றிலேயே அரிசியை வேகவிடுவர். 'வடித்த சோற்றில் சாறு எங்கே அண்ணே இருக்கும்?' என்று இவர் வினவ, 'சோறும் கறியும் ஒன்றாய்க் குழைந்தால் அதற்குப் பெயர் பொங்கல், தம்பி' என்று அவர் விடையிறுப்பதை நாம் காதாரக் கேட்டுள்ளோம். இடையே விருதுநகரார் எழுந்து, எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்த பரோட்டாவை நொறுக்கிச் சால்னா ஊற்றி உண்ணாதவர்க்கு இவ்வழக்கிற் பேசும் உரிமையே இல்லை என்பர். நாமக்கல்லார் அமைதியாயிருந்து, ஈற்றில் பள்ளிபாளையம் கோழிக்கறியை எடுத்து மொழிவர். மசாலைப் பொடிகளின் ஆரவாரமின்றிக் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு என்னும் சிலவற்றாலேயே அமைவது அது. எம் கருத்தை வினவின், இந்நால்வருள் நாமக்கல்லார் கூற்றே வலியுடைத்து. குறைந்த பொருளால் நிறைந்த சுவை ஆக்குவது எளிதன்று.

பெரம்பலூர் இவ்வழக்கில் எங்கே நிற்கின்றது? நம் ஊர்ப் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற கறி ஒன்றும் இல்லை என்று சாரதிகள் நம்மை இகழ்வதுண்டு. உண்மைதான். ஆனால் சின்ன வெங்காயம் விளைவிப்பதில் நம் மாவட்டம் தமிழ்நாட்டில் முன்னணியில் நிற்பது. பள்ளிபாளையத்து வாணலியிலும் திண்டுக்கல் அண்டாவிலும் வதங்குவது அச்சின்ன வெங்காயமே. ஆம்பூரார் பெரிய வெங்காயத்தையே மிகுதியும் கொள்வராதலின் அவர்மீது மட்டும் நமக்கு உரிமை குறைவு.

வண்டியைப் பற்றிய பூசல் இதனினும் கடுமையானது. லேலண்டுக் கட்சி, டாடாக் கட்சி எனச் சாரதிகள் இரு கூறாவர். லேலண்டார்க்கு நாட்டுப்பற்றும் துணை; ஏனெனில் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரால் 1948-ஆம் ஆண்டு தொடங்கி, ஆங்கில நாட்டு லேலண்டுக் கம்பெனியின் கூட்டால் 1955-இல் அசோக் லேலண்டு ஆகிய அந்நிறுவனம் சென்னையை அடுத்த எண்ணூரில் வேரூன்றியது. டாடாக் கம்பெனியார் 1954 முதல் ஜெர்மானிய டெய்ம்லர்-பென்ஸ் கூட்டுறவால் ஜாம்ஷெட்பூரில் லாரிகள் செய்தனர். அக்கூட்டு 1969-இல் முடிவுற்றது. அந்தப் பென்ஸ் வழியினரே 2012-இல் சென்னைக்கருகே ஒரகடத்தில் பாரத்பென்ஸ் என்னும் பெயரோடு மீண்டும் வந்தமையால் இப்பொழுது மூன்றாங் கட்சியும் உண்டு. இழுவையில் லேலண்டு, உதிரிப் பொருள் எவ்வூரிலும் கிடைத்தலில் டாடா, ஓட்டுவார்க்கு அலுப்பின்மையிற் பென்ஸ் என்று ஒவ்வொருவரும் தத்தம் கட்சியை நாட்டுவர். இவற்றை அளந்தறிந்து கூறும் வன்மை நமக்கில்லை. எக்கட்சியாரது வண்டியாயினும் அதன் மேற்கூட்டைப் பெரும்பாலும் நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைத் தச்சரும் கொல்லருமே கட்டினர் என்பதை மட்டும் கூறி அமைவோம்.

விமானிக்கும் லாரிச் சாரதிக்கும் பூசல் ஒன்றேயாயினும் இருப்பு ஒன்றன்று. கூலிக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானியின் பணி நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் சட்டம் வரையறுக்கின்றது. அவ்வரையறையை மீறி விமானம் புறப்படலாகாது. மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர்க்கும் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றிற்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று பொதுவாக வரம்பு விதித்தது. ஆனால் சரக்கு சேர வேண்டிய நேரமே சாரதிக்கு மெய்யான சட்டமாக நிற்கின்றது. அமெரிக்க விமானி உணவிற்காகப் பறந்து செல்கின்றான்; நம் சாரதியோ ஓட்டத்திற்கிடையே கிடைத்த அரைமணியில் உண்கின்றான். அவ்வரைமணியையும் விழுங்கிவிட்டு நள்ளிரவில் கண்ணயர்ந்து ஓட்டுபவனால் அவனுக்கு மட்டுமோ கேடு? அரியலூர்ச் சாலைகளில் மிதிவண்டியிற் பள்ளிக்குச் செல்லும் சிறுவர் உள்ள வீடுகளில் லாரி என்னும் சொல்லே அச்சந் தருவது. ஆம்பூரா திண்டுக்கல்லா என்று உரத்துப் பேசி, முகங் கழுவி, இரண்டாம் முறை தேநீர் வாங்கும் சாரதியைக் கண்டால் நமக்கு மகிழ்ச்சி உண்டாவது இதனாலேயே. அவன் விழித்திருக்கின்றான்.

வெப்பமும் ஒரு பகையே. விமானியின் அறை குளிரூட்டப்பட்டது. லாரிச் சாரதியோ கொதிக்கும் இயந்திரத்தை அருகில் வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் அமர்பவன். 2025-ஆம் ஆண்டிற் குறித்த நாள் தொட்டுச் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் முன்னறை குளிர்சாதன வசதியுடையதாய் இருத்தல் வேண்டும் என்று மத்திய அரசு விதித்துள்ளது. நன்று. எனினும் அதற்கு முன் பிறந்த வண்டிகள் இன்னும் பல ஆண்டு இப்பெருவழியில் ஓடும். அவற்றின் சாரதிகட்குப் பெரம்பலூர்ப் புறவழியிலுள்ள வேப்பமரத்து நிழலும், அதன்கீழ்ப் போட்ட மரப்பலகையும், எதிரே அமர்ந்து எண்ணெய்ப் பரோட்டாவைப் புகழும் விருதுநகராருமே இப்போதைக்குக் குளிர்சாதனம்.